ஐஸ் பெட்டிக்குள் ஓர் உயிர்!

பெரம்பலூர் பக்கம் போனால் சாத்தனூருக்கு ஒரு நடை போய்விட்டு வாருங்கள். அங்கே ஒரு மரம் படுத்திருக்கிறது. நீளம் பதினெட்டு மீட்டர். வயசு? அதிகமில்லை ஜென்டில்மேன், சும்மா ஒரு 12 கோடி வருஷம்தான்! 1940-ல் புவியியல் அறிஞர் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டுபிடித்துச் சொன்ன மரம் இது. பார்த்தால் நேற்று வெட்டிப் போட்ட மாதிரி இருக்கும். தட்டினால் கல்! பக்கத்து அரியலூர் மாவட்டத்திலோ சுண்ணாம்புக்கல் சுரங்கங்களைத் தோண்டத் தோண்ட, கோடிக்கணக்கான வருஷத்துக்கு முந்தைய கடல் சிப்பிகளும் நத்தைகளும் முழுசு முழுசாகக் கிடைக்கின்றன.

ஆக, ஒரு பொருளைக் கெடாமல் வைத்திருக்கும் வித்தையில் இந்த இரண்டு மாவட்டத்து மண்ணை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஒரே ஒரு குறை. கெடவில்லை... ஆனால் உயிரும் இல்லை!

'கெடாமல் இருப்பது வேறு. உயிரோடு இருப்பது வேறு.' இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டுதான் உலகம் முழுக்க டாக்டர்களும் விஞ்ஞானிகளும் அறுபது வருஷமாகத் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் கெடாமல் வைக்க நினைப்பது மரத்தை அல்ல. மனிதனின் கல்லீரலை. அதைவிடக் கஷ்டமாக, கல்லீரலைப் பிரித்து எடுத்த தனித்தனி செல்களை!

''அதை எதுக்கு சார் பிரிக்கணும்?'' என்கிறீர்களா? வாருங்கள்.

சிமென்ட்டைக் கரை, செங்கல்லை எடு!

கல்லீரல் ஒரு சகலகலா வல்லவன். சாப்பாட்டில் வரும் விஷத்தை முறிப்பது, ரத்தம் உறையத் தேவையான புரதங்களைத் தயாரிப்பது, அம்மோனியாவை யூரியாவாக்குவது, பித்தநீர் சுரப்பது, சர்க்கரையைச் சேமித்து வைத்து வேண்டும்போது அவிழ்த்துவிடுவது... எல்லாம் அதன் டிபார்ட்மென்ட். கூடவே ஒரு விசேஷ குணம்: ஒரு பகுதியை வெட்டி எடுத்தாலும் மறுபடி வளர்ந்துவிடும். அதனால்தான் அப்பா தன் கல்லீரலில் பாதியைப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு, சில மாதங்களில் பழையபடி வேலைக்குப் போக முடிகிறது.

இந்தியாவில் முதன்முதலாக வெற்றி பெற்ற கல்லீரல் மாற்று ஆபரேஷன் 1998 நவம்பரில் டெல்லியில் நடந்தது. பிழைத்தது யார் தெரியுமா? நம்ம காஞ்சிபுரத்துக் குழந்தை ஒன்று. இரண்டு வயசுகூட நிரம்பாத அந்தக் குழந்தைக்குக் கல்லீரல் கொடுத்தவர் அதன் அப்பா.

எல்லாருக்கும் முழுக் கல்லீரல் தேவையா என்பதுதான் அடுத்த கேள்வி. சில குழந்தைகளுக்குக் கல்லீரலில் எல்லாம் சரியாக இருக்கும். ஒரே ஒரு என்ஸைம் மட்டும் பிறவியிலேயே இருக்காது. அந்த ஒன்று இல்லாததால் மஞ்சள் காமாலை இறங்கவே இறங்காது. கிரிக்லர்-நஜ்ஜார் என்று அந்த நோய்க்குப் பெயர். பச்சைக் குழந்தைக்குக் காமாலை என்றால் ஆஸ்பத்திரியில் நீல விளக்கு வெளிச்சத்தில் படுக்கவைப்பார்களே, அதே மாதிரி விளக்கின் கீழ் இந்தப் பிள்ளைகள் தினமும் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் படுத்திருக்க வேண்டும். நாலு நாளைக்கு அல்ல. வருஷக்கணக்கில்!

1998-ல் அமெரிக்காவில் டாக்டர் ஃபாக்ஸும் அவர் குழுவும் இப்படிப்பட்ட ஒரு பத்து வயசுப் பெண்ணுக்கு வயிற்றைக் கிழித்து ஆபரேஷன் செய்யவில்லை. இன்னொருவர் கல்லீரலிலிருந்து பிரித்த செல்களை ஒரு குழாய் வழியாக அவள் கல்லீரலுக்குள் மெள்ள இறக்கினார்கள். எத்தனை செல்கள்? 750 கோடி! கிட்டத்தட்ட உலக ஜனத்தொகை. அப்படியும் அது ஒரு கல்லீரலில் இருபதில் ஒரு பங்குதான். காமாலை அளவு கணிசமாக இறங்கியது. முழுத் தீர்வு இல்லை. ஆனால் 'செல் மட்டும் போதும், வேலை செய்யும்' என்று உலகத்துக்குத் தெரிந்தது.

அதற்கும் முன்னாலேயே, 1994-ல், நம் ஹைதராபாத்தில் டாக்டர் ஹபீபுல்லா குழுவினர், கல்லீரல் திடீரென்று செயலிழந்த நோயாளிகளுக்குக் கல்லீரல் செல்களைச் செலுத்திப் பார்த்து, முடிவுகளை மருத்துவ இதழில் வெளியிட்டிருக்கிறார்கள். இந்த விஷயத்தில் நாம் ஒன்றும் பின்தங்கியவர்கள் அல்ல.

செல்களை எப்படிப் பிரிக்கிறார்கள்? மிக்ஸியில் போட்டு அரைத்தால் சட்னிதான் வரும். அரியலூர்க்காரர்களுக்குப் புரியும்படி சொன்னால், சுவரை இடிக்காமல் சிமென்ட்டை மட்டும் கரைத்துச் செங்கல்லை முழுசு முழுசாக எடுக்க வேண்டும். முதலில் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் திரவத்தைக் கல்லீரலின் ரத்தக்குழாய்க்குள் ஓடவிடுகிறார்கள். செல்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கக் கால்சியம் அவசியம்; அது போனதும் பிடி தளரும். பிறகு கொலாஜினேஸ் என்ற என்ஸைம். அது இடையில் இருக்கும் நாரைக் கரைக்கும். 1969-ல் பெர்ரி, ஃபிரெண்ட் என்ற இருவர் எலிக் கல்லீரலில் செய்து காட்டிய வித்தை. நார்வேக்காரர் செக்லன் எழுபதுகளில் இதை இரண்டு கட்ட முறையாக ஒழுங்குபடுத்தினார். கடைசியில் கையில் இருப்பது ஒரு பழுப்பு நிறக் குழம்பு. ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் நாற்பது பேரை வரிசையாக நிறுத்தலாம். அத்தனை குட்டி குட்டி செல்கள்.

கொழுப்பு அதிகமாகிவிட்டது என்பது போன்ற காரணங்களால் முழுசாகப் பொருத்த லாயக்கில்லை என்று ஒதுக்கப்படும் கல்லீரல்களில்கூட நல்ல செல்கள் கிடைக்கும். வீணாகப் போவதில் விருந்து!

வாழைப்பழம் சொல்லும் பாடம்

இனிதான் சிக்கல். செல்லைப் பிரிக்கும் லேப் ஓர் ஊரில் இருக்கும். நோயாளி இன்னோர் ஊரில் இருப்பார். நடுவில் பத்து மணி நேரமோ, ஒரு நாளோ, இரண்டு நாளோ ஆகலாம். அதுவரை செல்லை என்ன செய்வது?

''ஃபிரிட்ஜுல வெச்சுட்டாப் போச்சு!''

வைக்கலாம். வாழைப்பழத்தை ஃபிரிட்ஜில் வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? மறுநாளே தோல் கறுத்துவிடும். அழுகல் அல்ல அது, குளிர்க் காயம். குளிரே சில உயிர்ப் பொருள்களுக்கு விஷம். பெரம்பலூர் விவசாயியைக் கேட்டால் இதை இன்னும் அழகாகச் சொல்வார். சின்ன வெங்காயத்தை அறுவடை பண்ணி அவர் ஐஸில் வைப்பதில்லை. பட்டறை போட்டு, அடியிலும் பக்கத்திலும் காற்றுப் போகிற மாதிரி வைத்து, விலை ஏறும்வரை மாதக்கணக்கில் காப்பாற்றுகிறார். அதே வீட்டில் பால் கறந்தால் உடனே குளிரூட்டும் நிலையத்துக்கு ஓடுகிறார். பாலுக்கு ஒரு பதம், வெங்காயத்துக்கு ஒரு பதம்.

கல்லீரல் செல்லுக்கு?

நம் உடம்புச் சூட்டிலிருந்து 4 டிகிரிக்கு இறக்கினால் செல்லின் வேலை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. பசி குறைகிறது, மூச்சுத் தேவை குறைகிறது. அது லாபம். ஆனால் ஒவ்வொரு செல்லின் சுவரிலும் ஒரு பம்ப் இருக்கிறது. உள்ளே வரும் சோடியத்தை வெளியே தள்ளி, பொட்டாசியத்தை உள்ளே இழுத்துப் போடுவதே அதன் உத்தியோகம். குளிரில் இந்த பம்ப் படுத்துவிடும். சோடியம் உள்ளே நுழையும். அதன் பின்னாலேயே தண்ணீர். ராத்திரி ஊறப்போட்ட கொண்டைக்கடலை காலையில் உப்பியிருக்குமே, அந்தக் கதைதான். உப்பிய செல் ஒருநாள் 'டப்!'

எனவே செல்லைச் சும்மா தண்ணீரில் போட முடியாது. எந்தத் திரவத்தில் போடுகிறோம் என்பதுதான் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறது.

பாட்டில்களின் பட்டிமன்றம்

முதலில் மேடை ஏறியவர் காலின்ஸ். 1969-ல் லாஸ் ஏஞ்சலீஸில் உருவான திரவம். 'செல்லுக்குள்ளே பொட்டாசியம்தானே அதிகம்? வெளியிலும் அதையே அதிகமாக வைத்துவிட்டால் பம்ப் படுத்தாலும் பாதகமில்லை' என்பது தத்துவம். தண்ணீர் உள்ளே போகாமல் தடுக்க குளுக்கோஸ். சிறுநீரகத்துக்குப் பிரமாதமாக வேலை செய்தது. கல்லீரலில் கோட்டை விட்டது. காரணம், கல்லீரல் செல்லுக்குள் குளுக்கோஸ் வாசல் திறந்த வீட்டில் நுழைவது போலச் சுலபமாக நுழைந்துவிடும். காவல்காரனே உள்ளே போய் உட்கார்ந்துகொண்டால் வாசலில் யார் நிற்பது?

அடுத்து வந்தவர்தான் சூப்பர் ஸ்டார். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பெல்ஸர், சவுத்தார்ட் என்ற இருவர் எண்பதுகளின் கடைசியில் கொண்டுவந்த யு.டபிள்யு. திரவம். அதுவரை கல்லீரலை எடுத்தால் அரக்கப் பரக்க ஓட வேண்டும். ஆறேழு மணி நேரம் தாண்டினால் ஆபத்து. யு.டபிள்யு. வந்த பிறகு அர்த்தராத்திரி ஆபரேஷன்கள் குறைந்தன; ஒரு ஊரில் எடுத்து இன்னொரு ஊரில் நிதானமாகப் பொருத்த முடிந்தது.

இதன் சேர்மானத்தைப் பார்த்தால் நம் மளிகைக் கடை லிஸ்ட் மாதிரியே இருக்கிறது. லாக்டோபயோனேட் - பாலில் இருக்கும் சர்க்கரையிலிருந்து செய்வது. ராஃபினோஸ் - மொச்சை, பயறு வகைகளில் இருக்கும் சர்க்கரை. நமக்கு வாயுத்தொல்லை தருகிற அதே ஆசாமி. இவை இரண்டும் உருவத்தில் பெரியவை. செல்லுக்குள் நுழைய முடியாது. வெளியிலேயே நின்று தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அப்புறம் ஒரு வகை ஸ்டார்ச் - மக்காச்சோளம், உருளைக்கிழங்கு போன்றவற்றின் மாவிலிருந்து தயாராவது. தமிழ்நாட்டில் மக்காச்சோளம் அமோகமாக விளைகிற மாவட்டங்களில் ஒன்று பெரம்பலூர் என்பதை இங்கே பெருமையுடன் நினைவுபடுத்துகிறோம்! இன்னும் அல்லோபியூரினால் - கீல்வாதத்துக்குக் கொடுக்கும் மாத்திரை. குளூட்டாதயோன் - நம் செல்களே தயாரிக்கும் பாதுகாவலன். அடினோசின் - செல் விழித்ததும் சக்தி தயாரிக்க மூலதனம்.

சூப்பர் ஸ்டாருக்கும் குறை உண்டு. ஸ்டார்ச் கலந்ததால் கொழகொழவென்று கெட்டி. பொட்டாசியம் அதிகம் என்பதால் கல்லீரலைப் பொருத்தும்போது நன்றாக அலசிவிட்டுத்தான் ரத்தத்தைத் திறந்துவிட வேண்டும். அத்தனை பொட்டாசியமும் திடுதிப்பென்று இதயத்துக்குப் போனால் இதயம் நின்றுவிடும்.

மூன்றாமவர் ஜெர்மனியின் ஹெச்.டி.கே. பிரெட்ஷ்னைடர் என்பவர் இதய ஆபரேஷனுக்காக உருவாக்கியது. தண்ணீர் மாதிரி லேசு; பொட்டாசியம் குறைச்சல்; ஹிஸ்டிடின், ட்ரிப்டோஃபேன் என்ற இரண்டு அமினோ அமிலங்கள் உண்டு. ஆனால் லிட்டர் லிட்டராகக் கொட்ட வேண்டும். நான்காமவர் பிரான்ஸின் செல்சியர். இதுவும் இதயத்துக்கென்று வந்தது; ஸ்டார்ச்சைக் கழற்றிவிட்டது. பிறகு ஸ்டார்ச்சுக்குப் பதில் பாலிஎத்திலீன் கிளைகால் போட்டுப் பார்த்தவர்கள் பிரான்ஸிலும் ஆர்ஜென்டினாவின் ரொசாரியோவிலும் உண்டு. அதே குடும்பத்துச் சரக்கைத்தான் மலச்சிக்கலுக்கும் டாக்டர்கள் எழுதிக் கொடுக்கிறார்கள். ரொசாரியோ கோஷ்டி குறிப்பாகத் தனிச் செல்களை மனதில் வைத்தே பாட்டிலைக் கலக்கியது.

''சரி, தீர்ப்பு என்ன? யார் ஜெயிச்சது?''

முழுக் கல்லீரல் என்றால் யு.டபிள்யு., ஹெச்.டி.கே., செல்சியர் மூன்றுமே ஏறக்குறைய சமமாக ஓடுகின்றன. தனிச் செல் என்று வந்ததும்தான் கதையில் ஒரு திருப்பம்.

வில்லன் வெளியில் இல்லை!

ஜெர்மனியின் எஸ்ஸன் நகரில் உர்சுலா ராவன் என்ற பெண் விஞ்ஞானியும் அவர் சகாக்களும் கல்லீரல் செல்களை வெவ்வேறு திரவங்களில் குளிர வைத்து, பிறகு சூடேற்றிப் பார்த்தார்கள். உப்புவதைத் தடுக்கும் எல்லா ஏற்பாடும் உள்ள யு.டபிள்யு. திரவத்திலேயே எலிக் கல்லீரல் செல்கள் ஏராளமாகச் செத்தன. இதென்ன விபரீதம் என்று துருவியதில் அகப்பட்ட வில்லன் யார் தெரியுமா?

இரும்பு!

கல்லீரல் நம் உடம்பின் இரும்புக் கிடங்கு. சாதாரணமாக இரும்பு புரதப் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கும். குளிர வைத்தால் பூட்டைத் தாண்டிக் கொஞ்சம் இரும்பு வெளியே வந்து செல்லுக்குள் சுதந்திரமாகத் திரிகிறது. அது ஆக்ஸிஜனோடு சேர்ந்து செல்லின் சுவரையும், மைட்டோகாண்ட்ரியா என்ற குட்டிப் பவர் ஹவுஸ்களையும் அரிக்க ஆரம்பிக்கிறது. சுருக்கமாகச் சொன்னால், செல்லுக்குத் துரு பிடிக்கிறது! 2002-ல் இவர்கள் வெளியிட்ட ஆராய்ச்சியில், இரும்பைப் பிடித்துக் கட்டிப்போடும் மருந்தைத் திரவத்தில் கலந்ததும் சேதம் வெகுவாகக் குறைந்தது.

அந்த மருந்து ஒன்றும் வேற்றுக்கிரகச் சரக்கு அல்ல. டெஃபராக்ஸமின். தலசீமியா உள்ள குழந்தைகளுக்கு அடிக்கடி ரத்தம் ஏற்றும்போது உடம்பில் சேரும் அதிகப்படி இரும்பை வெளியேற்ற ரொம்ப காலமாகக் கொடுத்துவரும் ஊசி மருந்துதான். இப்போது ஹெச்.டி.கே.யின் புது அவதாரத்தில் இப்படி இரும்பைப் பிடிக்கும் மருந்துகளைச் சேர்த்திருக்கிறார்கள்.

திரவங்களை ஒப்பிடுவதில் உள்ள சூட்சுமமும் இங்கேதான் இருக்கிறது. ஐஸிலிருந்து எடுத்த உடனே டிரைபான் புளூ என்ற சாயத்தைப் போட்டுப் பார்ப்பார்கள். செத்த செல்லின் சுவர் ஓட்டையாகியிருக்கும். சாயம் உள்ளே போய் நீலமாகிவிடும். உயிருள்ள செல் சாயத்தை வாசலிலேயே நிறுத்தி, பளிச்சென்று இருக்கும். மைக்ராஸ்கோப்பில் எண்ணி, 'நூற்றுக்கு எண்பது பாஸ்' என்று மார்க் போடலாம். ஆனால் இது வெறும் அட்டென்டன்ஸ்தான்! வகுப்பில் இருக்கிற பையன் எல்லாம் படிக்கிறவனா?

உண்மையான பரீட்சை, 37 டிகிரிக்குச் சூடேற்றிய பிறகு. தட்டில் ஒட்டிக்கொள்கிறதா? அம்மோனியாவை யூரியா ஆக்குகிறதா? ஆல்புமின் தயாரிக்கிறதா? சில மணி நேரம் கழித்தும் உயிரோடு இருக்கிறதா? குளிரில் பட்ட அடி, சூடேறும்போதுதான் முழுசாகத் தெரியும். எனவே 'எங்கள் திரவத்தில் 48 மணி நேரம் இருந்தது' என்று யாராவது சொன்னால், அடுத்த கேள்வியாக, ''எடுத்த பிறகு வேலை பார்த்ததா?'' என்று கேளுங்கள்.

இரண்டு மாவட்டத்துக்கும் இதில் என்ன?

இருக்கிறது. திருச்சியில் ஒருவர் மூளைச்சாவு அடைந்து, குடும்பத்தார் பெரிய மனசு பண்ணி, அவர் கல்லீரல் சாலை வழியாகச் சென்னைக்குப் போகிறது என்று வையுங்கள். 330 கிலோமீட்டர் தூரம். பெரம்பலூரைத் தாண்டி, திருமாந்துறை டோல்கேட்டைத் தாண்டி, ஐந்தாறு மணி நேரம். அந்தப் பயணம் நிதானமாக நடக்கக் காரணம் பாட்டிலில் இருக்கும் அந்தத் திரவம். 2008-ல் ஹிதேந்திரனின் பெற்றோர் செய்த தானத்துக்குப் பிறகு தமிழ்நாட்டில் உறுப்பு தானம் ஓர் இயக்கமாகவே ஆனது. 2009-ல் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலேயே கல்லீரல் மாற்று ஆரம்பமானது. 2023 செப்டம்பரில், உறுப்பு தானம் செய்பவரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடக்கும் என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது.

ஆனால் சில நோயாளிகளுக்குக் கல்லீரல் கிடைக்கும்வரை நேரம் இருப்பதில்லை. நம் கிராமப்புறங்களில் அடிக்கடி கேள்விப்படும் எலி மருந்துச் சம்பவங்களை எடுத்துக்கொள்ளுங்கள். தெரியாமல் குழந்தை வாயில் வைத்ததோ, பெரியவர்கள் ஒரு நிமிஷ ஆத்திரத்தில் செய்ததோ... மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த பேஸ்ட் நேராகக் கல்லீரலைத்தான் தாக்குகிறது. முதல் ஓரிரு நாள் ஆள் நன்றாக இருப்பது போலவே தெரியும். ''சரியாப் போச்சுங்க, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறோம்'' என்று கிளம்பிவிடுகிறார்கள். மூன்றாம் நாளுக்கு மேல் காமாலை, ரத்தக்கசிவு. தயவுசெய்து டாக்டர் போகச் சொல்லும்வரை ஆஸ்பத்திரியை விட்டு நகராதீர்கள். மனசு கனக்கிறதா? 104-க்கு ஒரு போன் போடுங்கள். பேச ஆள் இருக்கிறது.

இம்மாதிரி நோயாளியின் கல்லீரல் நிரந்தரமாகச் செத்துவிட்டது என்று எப்போதும் சொல்ல முடியாது. நாட்கள் கிடைத்தால் தானே முளைத்துக்கொள்ளலாம். அந்த நாட்களை யார் கொடுப்பது? அங்கேதான் செல்கள். லண்டன் கிங்ஸ் காலேஜ் மருத்துவமனையில் டாக்டர் அனில் தவன் குழுவினர், கடல்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட்டில் ஜவ்வரிசி மாதிரி குட்டிக் குட்டி உருண்டைகள் செய்து, அதற்குள் கல்லீரல் செல்களை அடைத்து, கல்லீரல் திடீரென்று செயலிழந்த 8 குழந்தைகளின் வயிற்றுக்குள் செலுத்தினார்கள். 2020-ல் வெளியான முடிவு: 4 குழந்தைகள் மாற்றுக் கல்லீரல் இல்லாமலே சொந்தக் கல்லீரலோடு மீண்டார்கள். 8 பேர் என்பது சின்னக் கணக்கு. இதை வைத்து முரசு கொட்டிவிட முடியாது. ஆனாலும் நம்பிக்கைக்கு ஓர் ஆரம்பம்.

நாளைக்கு இது எல்லாருக்கும் வருகிற வைத்தியமானால், செல்லைப் பிரிக்கும் லேப் ஒவ்வொரு ஊரிலும் வரப்போவதில்லை. சென்னையிலோ வேலூரிலோ ஒன்று இருந்தால் பெரிசு. அங்கிருந்து 2022-ல் திறந்த அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ, பெரம்பலூர் அரசு மருத்துவமனைக்கோ ராத்திரி பஸ் தூரம். அந்தத் தூரத்தைத் தாங்குகிற திரவம் இருந்தால் பட்டணத்துப் பிள்ளைக்குக் கிடைக்கிற மருந்து பட்டிக்காட்டுப் பிள்ளைக்கும் கிடைக்கும். இல்லையென்றால், லேபுக்குப் பக்கத்துத் தெருவில் குடியிருப்பவர்களுக்கு மட்டும்தான் அந்த அதிர்ஷ்டம்.

உப்பு, சர்க்கரை, மாவு, ஒரு சிட்டிகை இரும்புப் பிடிப்பான் - எது எத்தனை கிராம் என்று எங்கோ ஒரு லேபில் ஒருவர் எலிச் செல்லை எண்ணிக்கொண்டிருக்கிறார். பார்க்கிறவர்களுக்கு வேலை வெட்டி இல்லாத சமாசாரமாகத் தோன்றும். ஆனால் அவர் அளந்துகொண்டிருப்பது திரவத்தை மட்டுமல்ல. சென்னைக்கும் செந்துறைக்கும் நடுவில் இருக்கிற தூரத்தை!